விமானத் துறையில் நுழைய எந்த முதுநிலைப் பட்டம்? தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இளநிலைப் பட்டத்தின் இறுதி ஆண்டில் இருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏவியேஷனில் சேர எந்த பி.ஜி. படிக்க வேண்டும்?" 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களை வாங்கப்போவதாகவும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதாகவும் செய்தி வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. இண்டிகோ கேட்டிருக்கும் அந்த 500 விமானங்கள் 2030க்கும் 2035க்கும் இடையில் வந்து சேர வேண்டியவை. இப்போது முதுநிலைப் படிப்பில் சேரும் ஒருவர் படித்து முடித்து, சில ஆண்டு அனுபவமும் பெற்று நிற்கும் காலம் அது. ஆகவே ஆசைப்படுவதில் தவறில்லை. கேள்வியின் வரிசைதான் மாறியிருக்கிறது. பட்டத்தை முதலில் முடிவு செய்து வேலையைப் பிறகு தேடுவதைவிட, எந்த நாற்காலியில் உட்கார விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த நாற்காலிக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பார்த்து, அதன் பிறகு பட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே முறை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் செல்கிறது.

முதல் படி: துறையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்

மதுரை விமான நிலையத்தில் 180 பேர் அமரும் ஓர் ஏ320 விமானம் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் அது மீண்டும் கிளம்பியாக வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்கிறார்கள். படிக்கட்டு வண்டி வந்து ஒட்டுகிறது. பின்பக்கத்தில் பெட்டிகள் இறங்குகின்றன. எரிபொருள் வண்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் மாதிரி எடுத்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பராமரிப்புப் பொறியாளர் விமானத்தைச் சுற்றி நடந்து, டயர்களையும் இன்ஜின் வாயையும் பார்த்துவிட்டு, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுகிறார். எடைப் பகிர்வுக் கணக்கு எழுதிய தாள் கேப்டனிடம் போகிறது. கதவு மூடப்படுகிறது.

இத்தனை பேரில் முதுநிலைப் பட்டம் இருந்தால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்ற நிலையில் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்குத் தேவை உரிமம், பயிற்சி, அனுபவம். முதுநிலைப் பட்டம் பயன்படும் இடங்கள் அந்தத் தளத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த இருக்கைகளுக்கு விலை வைத்தவர், மதுரைக்கு இந்த நேரத்தில் இந்த விமானத்தை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டவர், எந்த விமானி எந்த நாளில் எங்கே இருக்க வேண்டும் என்று அட்டவணை வகுத்தவர், அந்த இறக்கையின் கலப்புப் பொருளை (காம்போசிட்) சோதித்தவர், விமானம் நிற்கும் தளத்தின் தடிமனைத் தீர்மானித்தவர், விமானத்தைக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தை எழுதியவர் ஆகியோர் வேறெங்கோ ஒரு மேசையில் இருக்கிறார்கள். அந்த மேசைகளில் ஒன்று உங்களை ஈர்க்கிறது என்றால் முதுநிலைப் படிப்பைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. தளத்தில் நிற்கும் வேலைதான் பிடித்திருக்கிறது என்றால் அடுத்த படி உங்களுக்காகவே எழுதப்பட்டது.

இரண்டாம் படி: பட்டம் தேவைப்படாத வேலைகளை முதலில் பிரித்து வையுங்கள்

விமானி ஆவதற்கு முதுநிலைப் பட்டம் எந்த வகையிலும் நிபந்தனை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், 18 வயது, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறப்பு அனுபவம் ஆகியவையே வணிக விமானி உரிமத்துக்கான அடிப்படை. விமானி ஆக விரும்பும் பிள்ளையை "முதலில் எம்.பி.ஏ. ஏவியேஷன் முடி" என்று அனுப்பும் பெற்றோர், இரண்டு ஆண்டுகளையும் பயிற்சிக்குத் தேவைப்படும் பணத்தில் ஒரு பங்கையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

விமானப் பராமரிப்பும் அப்படித்தான். ஒரு விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்றளிக்கும் அதிகாரம், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வழங்கும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளருக்கே உண்டு. விமானப் பொறியியலில் எம்.இ. படித்து முதல் மதிப்பெண் பெற்றவராக இருந்தாலும், அந்த உரிமம் இல்லாமல் பதிவேட்டில் கையொப்பமிட முடியாது. வடிவமைப்பதும் பராமரித்துச் சான்றளிப்பதும் இரு வேறு தொழில்கள் என்பதைச் சேரும் முன்பே புரிந்துகொள்ளாமல், எம்.இ. முடித்த பிறகு உரிமப் பயிற்சி நிலையத்தின் வாசலில் வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

மூன்றாவது, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு. இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்சிகியூட்டிவ் பதவிக்கு ஆளெடுக்கும்போது, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டத்தையே கேட்கிறது. வயது வரம்பு 27. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 3 ஆண்டுகளும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 5 ஆண்டுகளும் தளர்வு உண்டு. 21 வயதில் பி.எஸ்சி. முடிப்பவருக்கு ஆறு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் வரும் என்ற உறுதி இல்லாததால், இடையில் சேரும் முதுநிலைப் படிப்பு இந்தத் தேர்வை எழுதத் தடையாக இருக்கக் கூடாது. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே எம்.எஸ்சி. படிப்பது நல்ல ஏற்பாடு, எம்.எஸ்சி. முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்தான ஏற்பாடு.

அதே ஆணையத்தில் விமான நிலையச் செயல்பாட்டுப் பிரிவுக்கான ஜூனியர் எக்சிகியூட்டிவ் பதவிக்குக் கேட்கப்பட்டு வந்த தகுதியைக் கவனியுங்கள்: அறிவியல் பட்டத்துடன் எம்.பி.ஏ., அல்லது பொறியியல் பட்டம். இலகுரக வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். பி.எஸ்சி. படித்த ஒருவருக்கு முதுநிலைப் பட்டம் நேரடியாகக் கதவைத் திறக்கும் இடம் இது. பி.காம். படித்து எம்.பி.ஏ. முடித்தவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை.

மூன்றாம் படி: உங்கள் இளநிலைப் பட்டத்திலிருந்து பாதையைக் கணக்கிடுங்கள்

பொறியியல் மாணவர்களுக்குப் பாதை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. வடிவமைப்பு, ஆராய்ச்சி, சோதனை ஆகிய மேசைகளுக்கு எம்.இ. அல்லது எம்.டெக். மதிப்புள்ளது. பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தில் 1942 முதல் விமானப் பொறியியல் துறை இயங்குகிறது. சென்னை, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.களிலும் இத்துறை வலுவானது. குரோம்பேட்டையில் சி.ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி., அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருக்கும் அங்கே முதுநிலையிலும் விமானப் பொறியியல் படிக்கலாம். ஐ.ஐ.டி.களுக்கும் அறிவியல் கழகத்துக்கும் கேட் (GATE) தேர்வே வாசல். மெக்கானிக்கல் தாளில் எழுதிய கேட் மதிப்பெண்ணையும் விமானப் பொறியியல் சேர்க்கைக்குப் பல ஐ.ஐ.டி.கள் ஏற்கின்றன என்பதால், இளநிலையில் விமானப் பொறியியல் படிக்காதவர்கள் தயங்கத் தேவையில்லை.

கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் சயின்டிஸ்ட் பி பணிக்கும், விமான நிலைய ஆணையத்தின் சிவில், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் பதவிகளுக்கும் அதே மதிப்பெண்ணை வைத்து ஆளெடுத்திருக்கிறார்கள். இவற்றுக்கு இளநிலைப் பட்டமே போதும். ஒரே தேர்வுக்கான உழைப்பு இரண்டு பக்கமும் பயன்படுவதால், பொறியியல் மாணவர்கள் எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்றாம் ஆண்டிலேயே ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

பட்டத்தின் பெயரில் 'ஏரோ' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். போயிங் 787இன் எடையில் ஏறத்தாழ பாதி கலப்புப் பொருளால் ஆனது. கலப்புப் பொருள்களை ஆழமாகப் படித்த மெக்கானிக்கல் அல்லது மெட்டீரியல்ஸ் மாணவருக்கு விமானத் துறையில் இடம் உண்டு. அத்துறை தளர்ந்தால் வாகனத் துறையிலும் காற்றாலைத் துறையிலும் இடம் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ், கணினி மாணவர்கள் விமானத்துக்குள் இயங்கும் மென்பொருளுக்கான டிஓ-178சி என்ற சான்றளிப்புத் தரநிலையைப் பாடமாகவோ திட்டப்பணியாகவோ கற்றுக்கொண்டால், பெங்களூருவில் விமான மின்னணு நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் அது உடனே கவனிக்கப்படும். சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து முனைகளைக் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் உதிரிபாக உற்பத்திக்கே முதன்மை என்பதால், உள்ளூரில் இருக்க விரும்புவோருக்கு உற்பத்திப் பொறியியலும் தரக் கட்டுப்பாடும் அடங்கிய எம்.இ. பொருத்தமானது.

அடுத்து வருவதை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கணிதம், புள்ளியியல், பொருளியல் படித்த மாணவர்கள் தங்களுக்கும் விமானத் துறைக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு விமான நிறுவனத்தின் லாபத்தைத் தீர்மானிக்கும் வேலைகள் இவர்களுடைய பாடத்தில்தான் இருக்கின்றன.

மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்லும் அந்த 180 இருக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வாங்குவோருக்கு 3,000 ரூபாய், கடைசி நேரத்தில் வருவோருக்கு 9,000 ரூபாய் என்று கொள்வோம். எத்தனை இருக்கைகளைக் கடைசி வரை விற்காமல் நிறுத்தி வைப்பது? பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் 1972இல் இதற்கு ஒரு விதி வகுத்தார். குறைந்த விலையை அதிக விலையால் வகுத்தால் மூன்றில் ஒன்று வருகிறது. ஓர் இருக்கை கடைசி நேரத்தில் 9,000 ரூபாய்க்கு விற்பனையாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைவிடக் கூடுதலாக இருக்கும் வரை அதை நிறுத்தி வைக்கலாம். அதற்குக் கீழே போனால் 3,000 ரூபாய்க்கே விற்றுவிடலாம். இன்றைய வருவாய் மேலாண்மை மென்பொருள்கள் எவ்வளவோ சிக்கலானவை என்றாலும், அவற்றின் அடியில் இருப்பது இந்த நிகழ்தகவுக் கணக்குதான். இளநிலைப் புள்ளியியல் மாணவர் எவரும் இதைப் புரிந்துகொள்வார்.

விமானிகளின் பணி அட்டவணையும் இப்படிப்பட்டதே. 2025இல் விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவுத் தரையிறக்கங்களுக்கான வரம்பும் இறுகியது. அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தபோது, பணி அட்டவணைத் திட்டமிடல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விமான நிலையங்களில் காத்துக் கிடந்த பயணிகள்கூட அறிந்துகொண்டார்கள். இந்தக் கணக்குகளைக் கற்பிக்கும் பாடம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். ஐ.ஐ.டி. மும்பையின் தொழிற்பொறியியல் மற்றும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் துறை, இந்தியப் புள்ளியியல் நிறுவனம், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் தரவு அறிவியல் எம்.எஸ்சி. ஆகியவற்றை இந்த நோக்கத்தோடு பாருங்கள். இவற்றில் எதன் பெயரிலும் 'ஏவியேஷன்' இல்லை. ஆனால் விமான நிறுவனத்தின் வலையமைப்புத் திட்டமிடல், வருவாய், பணி அட்டவணைப் பிரிவுகள் தேடும் திறன் இங்கேதான் கிடைக்கிறது.

சிவில் படித்தவர்கள் போக்குவரத்துப் பொறியியலில் எம்.இ. செய்து, ஓடுபாதைத் தளம், முனையத் திட்டமிடல் ஆகியவற்றில் திட்டப்பணி எடுத்தால் போதும். கிண்டி பொறியியல் கல்லூரி, ஐ.ஐ.டி. சென்னை, திருச்சி என்.ஐ.டி. மூன்றும் நம் ஊரிலேயே இருக்கின்றன. சட்டம் படித்தவர்களுக்கு இது நல்ல காலம். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விமானங்களைக் குத்தகைக்குக் கொடுப்போரின் உரிமையைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான கேப் டவுன் உடன்படிக்கைக்குச் சட்ட வலுவூட்டும் விமானப் பொருள்கள் மீதான உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 2025இல் வந்தது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டி என்ற நிதி மையத்தில் விமானக் குத்தகைத் தொழில் வளர்கிறது. வான் சட்டத்தில் எல்எல்.எம். படிக்க நெதர்லாந்தின் லைடன், கனடாவின் மெக்கில் ஆகியவை உலகறிந்த இடங்கள்.

நான்காம் படி: எம்.பி.ஏ.வா, எம்.பி.ஏ. ஏவியேஷனா?

கலை, வணிகவியல் மாணவர்கள் கேட்பது இதுதான். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும்: நல்ல நிறுவனத்தில் பொது எம்.பி.ஏ. கிடைத்தால் அதையே எடுங்கள்; நிதி அல்லது செயல்பாட்டு மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளுங்கள்.

காரணம், இந்தத் துறை சட்டென்று சாயக்கூடியது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று இரவு தன் கடைசி விமானத்தை இயக்கியது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் நாடு முழுவதும் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் பறக்கவில்லை. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. அப்படிப்பட்ட ஓர் ஆண்டில் படிப்பை முடிப்பவரின் கையில் விமானத் துறையை மட்டும் சுட்டும் பட்டம் இருந்தால், மற்ற துறைகளின் கதவைத் தட்டும்போது ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நிதியில் எம்.பி.ஏ. பெற்றவர் இரண்டு ஆண்டுகள் ஒரு வங்கியிலோ சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திலோ இருந்துவிட்டு, துறை எழுந்ததும் உள்ளே வரலாம்.

விதிவிலக்குகளும் உண்டு. ஏற்கெனவே விமான நிலையத்திலோ விமான நிறுவனத்திலோ சில ஆண்டுகள் வேலை பார்த்து, மேலே போவதற்குப் பட்டம் தேவைப்படுகிறவருக்கு ஏவியேஷன் எம்.பி.ஏ. மிகப் பொருத்தம். துறையோடு நெருங்கிய பிணைப்புள்ள நிறுவனங்களும் இருக்கின்றன: உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ராஜீவ் காந்தி தேசிய விமானப் பல்கலைக்கழகம் மத்திய அரசின் நிறுவனம்.

ஐந்தாம் படி: விளம்பரக் கையேட்டை வரி வரியாகப் படியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவுடன் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு கல்லூரியின் வண்ணக் கையேடு. அட்டையில் விமானி அறையின் படம். உள்ளே "100 சதவீத வேலைவாய்ப்பு". கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வேலை பெற்றவர்களின் பட்டியல் இருந்தது. மூவரும் சேர்ந்து அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தோம். பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே இருந்தவை பயணிகள் சேவை, பெட்டிகள் கையாளும் பிரிவு, டிக்கெட் முகப்பு ஆகிய பதவிகள். அவை மதிப்பான வேலைகள்தாம். ஆனால் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டத்தோடு, சில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்போடும் கிடைக்கக்கூடியவை. அவற்றுக்காக இரண்டு ஆண்டுகளையும் பல லட்சம் ரூபாயையும் செலவிட வேண்டியதில்லை. அந்த அப்பா கையேட்டை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, "கடன் வாங்கிக் கட்டத்தான் வந்தோம் சார்" என்றார்.

ஆகவே எந்தக் கல்லூரியானாலும் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அது யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா? கடந்த மூன்று அணி மாணவர்கள் பெற்ற பதவிகளின் பெயர் என்ன? நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. பதவியின் பெயர்தான் முக்கியம். பாடம் நடத்துகிறவர்களில் எத்தனை பேர் துறையில் வேலை பார்த்தவர்கள்? பயிற்சிக் காலத்தில் மாணவர்கள் விமானம் நிற்கும் பகுதிக்குள் செல்கிறார்களா? அதற்குப் பாதுகாப்பு அனுமதி அட்டை தேவை என்பதால், அந்த அட்டை யார் மூலம் பெறப்படுகிறது என்று கேட்டாலே உண்மை வெளிப்பட்டுவிடும். லிங்க்ட்இன் தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரைத் தட்டி, முன்னாள் மாணவர்கள் ஐந்து பேருக்கு மரியாதையாக எழுதுங்கள். இருவராவது பதில் சொல்வார்கள்.

ஆறாம் படி: வெளிநாடு என்றால்

பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையமே இருக்கிறது. வான்போக்குவரத்து மேலாண்மை முதுநிலைப் படிப்பில் அதற்குப் பெரும் பெயர். பிரான்சில் ஏர்பஸ் தலைமையகம் உள்ள துலூஸ் நகரிலேயே எனாக், சுபேரோ என்ற இரண்டு விமானக் கல்வி நிறுவனங்களும் இருக்கின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் பொறியியலுக்கு உகந்தது. அமெரிக்காவின் எம்ப்ரி ரிடில் விமானத் துறைக்கென்றே இயங்கும் பல்கலைக்கழகம்.

அமெரிக்கா செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ராணுவத் தொடர்புள்ள தொழில்நுட்பத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் உள்ளன. விமான வடிவமைப்பு நிறுவனங்களின் பல வேலைகளுக்கு அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும்தான் எடுக்கிறார்கள். மிகச் சிறந்த மதிப்பெண்ணோடு விமானப் பொறியியல் முடித்த இந்திய மாணவர்களும் இந்தச் சுவரில் மோதி, கடைசியில் மென்பொருள் வேலைக்குச் செல்கிறார்கள். அங்கே போக வேண்டுமானால் தரவு, செயல்பாடு, மென்பொருள் ஆகியவற்றோடு சேர்ந்த படிப்பைத் தேர்ந்தெடுங்கள். கல்விக் கடனின் மாதத் தவணையை இந்தியச் சம்பளத்தில் கட்ட நேர்ந்தால் தாங்குமா என்றும் கணக்குப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

ஏழாம் படி: சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது

முதுநிலைத் திட்டப்பணியை விமானத் துறையின் உண்மையான தரவோடு செய்யுங்கள். டி.ஜி.சி.ஏ. ஒவ்வொரு மாதமும் உள்நாட்டுப் போக்குவரத்து அறிக்கையை வெளியிடுகிறது. இருக்கை நிரம்பும் விகிதம், ரத்தான பயணங்கள், நேரம் தவறாமை ஆகிய அனைத்தும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. விமான நிலைய ஆணையம் நிலையவாரியான பயணிகள் எண்ணிக்கையைத் தருகிறது. தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் ஐந்து ஆண்டுகளில் பயணிகள் எண்ணிக்கை எப்படி மாறியது, ஏன் மாறியது என்று நாற்பது பக்கம் எழுதிய மாணவர், நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் தயக்கமின்றிப் பேசுவார். பட்டத்தின் பெயர் செய்யாததை அந்த நாற்பது பக்கங்கள் செய்யும்.

எட்டாம் படி: நாட்காட்டி

பொறியியலுக்கான கேட் (GATE) விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் திறந்து, தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. எம்.பி.ஏ.வுக்கான கேட் (CAT) தேர்வு நவம்பர் இறுதியில். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.பி.ஏ. சேர்க்கைக்கு டான்செட், எம்.இ. சேர்க்கைக்கு சீட்டா பி.ஜி.; இரண்டுக்கும் அறிவிப்பு ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். ஆகவே இறுதி ஆண்டு தொடங்கும் ஜூன், ஜூலையிலேயே முடிவு எடுத்தாக வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறவருக்குக் கையேடு அச்சடித்த கல்லூரிகள் மட்டுமே மிஞ்சும். இந்த வாரமே உங்களுக்குப் பிடித்த மூன்று பதவிகளுக்கான பழைய வேலை அறிவிப்புகளைத் தேடி எடுத்து, தகுதி என்ற இடத்தில் எழுதியிருப்பதை ஒரு தாளில் அப்படியே எழுதி, பக்கத்தில் உங்கள் வயதையும் இளநிலைப் பாடங்களையும் எழுதுங்கள். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதானாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.